காட்சிக்கு நிற்கும் டாங்கியின் கதையைத் தேடுவது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

ராணுவ அருங்காட்சியகத்துக்குப் போகிற பலரும் வாகனத்தின் வகைப் பெயரைத் தெரிந்துகொண்டதோடு திரும்பிவிடுகிறோம். இது பாட்டன், அது ஷெர்மன், அங்கே நிற்பது டைகர். ஆனால் ஷெர்மன் டாங்கிகள் மட்டுமே ஏறத்தாழ 49,000 செய்யப்பட்டன. நம் எதிரில் நிற்பது அவற்றில் எது? எந்த ஆலையில் செய்தார்கள், எந்தப் படையிடம் இருந்தது, எங்கே சண்டையிட்டது, இங்கே யார் கொண்டுவந்தார்கள்?

இதைத் தேட ராணுவ அனுபவமோ பொறியியல் பட்டமோ தேவையில்லை. ஆர்வம் இருந்தால் போதும், மற்றதை வழியில் கற்றுக்கொள்ளலாம். முதல் படியிலிருந்து சேர்ந்தே போவோம்.

எதைத் தேடுகிறோம்?

ஒரு வாகனத்தின் வாழ்க்கையை ஐந்து கட்டங்களாகப் பிரித்துக்கொள்வோம்: தயாரிப்பு, படைக்கு ஒப்படைப்பு, போர், போருக்குப் பிந்தைய பயன்பாடு, அருங்காட்சியக வரவு. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு சான்று வேண்டும். ஐந்தும் கிடைப்பது அபூர்வம். மூன்று கிடைத்தாலே நல்ல ஆய்வுதான்.

ஒரு விதியை இப்போதே மனத்தில் வைத்துக்கொள்வோம்: அறிவிப்புப் பலகை சொல்லும் கதையைவிட இரும்பில் பொறித்த எண்ணை அதிகம் நம்ப வேண்டும். பழைய லாரி வாங்கும்போது சேஸிஸ் எண்ணை ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்போமே, அதே வேலைதான் இதுவும்.

எங்கே தொடங்கலாம்?

நேரில் பார்க்க முடிகிற ஒரே ஒரு வாகனத்தைத் தேர்ந்தெடுப்போம். இந்தியாவில் தொடங்க நல்ல இடம் மகாராஷ்டிரத்தின் அகமத்நகர், இப்போதைய அகில்யாநகர். அங்கே கவசப் படை மையம் 1994-இல் தொடங்கிய கவல்ரி டாங்கி அருங்காட்சியகம் இருக்கிறது. புனேயிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர். ரோல்ஸ் ராய்ஸ் கவச காரிலிருந்து 1965 போரில் கைப்பற்றிய பாட்டன் வரை ஒரே வளாகத்தில் பார்க்கலாம்.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் தங்கள் ஊர்ப் பக்கம் சந்திப்பிலோ ராணுவ வளாக வாசலிலோ நினைவுச் சின்னமாக நிற்கும் டாங்கியிலிருந்து தொடங்கலாம். அது விஜயந்தாவாக இருந்தால் தேடல் சென்னையை ஒட்டிய ஆவடிக்கே திரும்பி வரும். கனரக வாகனத் தொழிற்சாலை அங்கேதான் அவற்றைச் செய்தது.

படி 1: வகையை உறுதிசெய்வோம்

'பாட்டன்' என்று பலகையில் இருந்தால் அடுத்த கேள்வி, எம்-47 பாட்டனா, எம்-48 பாட்டனா? 1965-இல் பாகிஸ்தான் படை இரண்டையும் களமிறக்கியது. முன்பக்கத்தைப் பார்ப்போம். தட்டையான தகடுகளும், ஓட்டுநர் பக்கத்தில் இன்னொருவர் உட்காரும் இடமும், அவருக்கான எந்திரத் துப்பாக்கித் துளையும் இருந்தால் எம்-47. முன்பக்கம் படகின் அடிபோல உருண்டு, ஓட்டுநர் நடுவில் தனியாக உட்காரும்படி இருந்தால் எம்-48.

முன், பின், இரு பக்கம், நான்கு மூலை என எட்டுப் படங்கள் எடுத்துக்கொள்வோம். பிறகு சக்கரங்கள், சங்கிலிப் பட்டை, பீரங்கிக் குழாய், மூடிகள் ஆகியவற்றை அருகிலிருந்து எடுப்போம்.

படி 2: எண்ணைக் கண்டுபிடிப்போம்

எண்கள் நாட்டுக்கு நாடு வேறு இடத்தில் இருக்கும். ஷெர்மனில் பின்புறம் உள்ள இழுவை வளையங்களின் அடிப்பகுதியில் வரிசை எண்ணைத் தேட வேண்டும். வார்ப்பு இரும்புப் பாகங்களில் பாக எண்ணும் வார்ப்பாலையின் குறியும் புடைத்து நிற்கும். பிரிட்டிஷ் டாங்கிகளின் பக்கவாட்டில் 'டி' என்று தொடங்கும் பதிவெண்ணை வண்ணத்தில் எழுதுவார்கள். இங்கிலாந்தின் போவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்தில் உள்ள 'மைக்கேல்' என்ற ஷெர்மனை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பதிவெண் டி-25190. அமெரிக்காவின் லைமா ஆலையில் செய்த அந்த வண்டிதான் இன்று எஞ்சியிருக்கும் ஷெர்மன்களில் மிகப் பழையது.

ஜெர்மன் டாங்கியின் கோபுரத்தில் மூன்று இலக்க எண் இருந்தால் அதையும் குறித்துக்கொள்வோம். வழக்கமாக முதல் இலக்கம் கம்பெனி, இரண்டாவது பிளட்டூன், மூன்றாவது அந்தப் பிளட்டூனுக்குள் வண்டியின் இடம்.

பல அடுக்கு பெயின்டுக்கு அடியில் எண் மங்கியிருக்கும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து தெரியும். சுரண்டவோ தேய்க்கவோ கூடாது. அனுமதி கிடைத்தால் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் பிரதி எடுக்கலாம்.

படி 3: அருங்காட்சியகத்திடம் கேட்போம்

எண் கையில் இருந்தால் நம் கடிதத்துக்கு மதிப்பு கூடும். பொறுப்பாளருக்கு ஒரே பக்கத்தில் எழுதுவோம். கேட்க வேண்டியவை மூன்று: வரவுப் பதிவேட்டில் இந்த வாகனம் எந்த ஆண்டில், யாரிடமிருந்து வந்தது? வந்த பிறகு என்னென்ன பழுதுபார்த்தார்கள்? அப்போது எடுத்த படங்கள் உண்டா? நாம் எடுத்த எண்ணின் படத்தையும் இணைப்போம்.

படி 4: காப்பகத்துக்குப் போவோம்

இங்கே நமக்கு முக்கியம் போர் நாட்குறிப்புகள். பிரிட்டிஷ் படைப்பிரிவுகள் அன்றன்று நடந்ததைப் பதிவுசெய்து வைத்தவை இவை. லண்டன் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் வட ஆப்பிரிக்கப் போருக்கு டபிள்யூ.ஓ. 175 வரிசையையும், பர்மா போருக்கு டபிள்யூ.ஓ. 172 வரிசையையும் பார்க்கலாம். அமெரிக்க ஆவணங்கள் மேரிலாந்தின் காலேஜ் பார்க்கிலும், ஜெர்மன் ராணுவ ஆவணங்கள் பிரைபர்க் நகரிலும் இருக்கின்றன.

இந்தியாவில் டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தின் 'அபிலேக் படல்' தளத்தில் வீட்டிலிருந்தே தேடலாம். சுதந்திரத்துக்குப் பிந்தைய போர்களுக்குப் பாதுகாப்பு அமைச்சகத்தின் வரலாற்றுப் பிரிவு தயாரித்த வரலாறுகள் உதவும். ரெஜிமெண்டுகள் வெளியிட்ட வரலாற்று நூல்களையும் விட வேண்டாம்.

தேடும்போது வாகனத்தின் பெயரைப் போட்டால் ஒன்றும் கிடைக்காது. இடம், தேதி, படைப்பிரிவு, இந்த மூன்றையும் வைத்துத் தேட வேண்டும். 1965 செப்டம்பரில் அசல் உத்தரில் பாட்டன்களை எதிர்கொண்டவை 3 கவல்ரி, டெக்கான் ஹார்ஸ், 8 லைட் கவல்ரி ஆகிய ரெஜிமெண்டுகள். அவற்றின் பதிவுகளில்தான் கைப்பற்றிய வண்டிகளின் தடயம் இருக்கும்.

படி 5: படங்களை ஒப்பிடுவோம்

லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகமும் ஆஸ்திரேலியப் போர் நினைவகமும் போர்க்காலப் படங்களை இணையத்தில் வைத்திருக்கின்றன. பழைய படத்தையும் நம் படத்தையும் அருகருகே வைத்து, மாறாத அடையாளங்களைத் தேடுவோம்: குண்டு பட்ட வடு, வளைந்த தகடு, வெல்டிங் தழும்பு. வண்ணமும் சின்னமும் மாறிவிடும். தழும்பு அவ்வளவு எளிதில் மாறாது.

படி 6: அட்டவணை போடுவோம்

நான்கு பத்திகள் போதும்: தேதி, நிகழ்வு, சான்று, நம்பகம். அக்கால ஆவணத்துக்கு 'அ', தேதியுள்ள படத்துக்கு 'ஆ', நினைவுக்கூற்றுக்கும் பலகைக்கும் 'இ' என்று தரம் போடுவோம். சான்று இல்லாத இடத்தைக் காலியாகவே விடுவோம். ஊகத்தால் நிரப்பினால் அடுத்து வருபவர் அதையே உண்மை என்று எடுத்துக்கொள்வார்.

ஒரு மாதிரி: டைகர் 131

போவிங்டனில் உள்ள இந்த ஜெர்மன் டாங்கியை நம் அட்டவணையில் போட்டுப் பார்ப்போம். சேஸிஸ் எண் 250112. 1943-இல் காசெல் நகரின் ஹென்ஷெல் ஆலையில் செய்தது. துனீசியாவில் 504-வது கனரக டாங்கிப் படைப்பிரிவில் இருந்தது. கோபுர எண்ணின்படி முதல் கம்பெனி, மூன்றாவது பிளட்டூன், முதல் வண்டி. 1943 ஏப்ரலில் பிரிட்டிஷ் படை கைப்பற்றியது. அக்டோபரில் இங்கிலாந்துக்குக் கப்பலில் வந்தது. 1951-இல் அருங்காட்சியகத்திடம் வந்து சேர்ந்தது.

எல்லாக் கட்டமும் நிரம்பியது போலத் தோன்றும். ஆனால் ஜெபல் ஜாஃபா என்ற இடத்தில் ஏப்ரல் 21 அன்று கைப்பற்றியதாகப் பல பத்தாண்டுகள் சொல்லிவந்தார்கள். அந்தப் போரில் இருந்த ஒரு சிப்பாயின் மகன், தந்தை சொன்ன கதை உண்மையா என்று தேடத் தொடங்கினார். அவர் சேர்த்த சான்றுகளைப் பார்த்த பிறகு அருங்காட்சியகமே கதையைத் திருத்தியது. இப்போதைய முடிவு: இடம் குரியாத் எல் அட்டாச், தேதி ஏப்ரல் 24. உலகமே அறிந்த டாங்கியில் ஆர்வலர் ஒருவர் இவ்வளவு கண்டுபிடிக்க முடிந்தது என்றால், யாரும் தேடாத வண்டியில் நமக்கு எவ்வளவு காத்திருக்கும்!

எவ்வளவு செலவாகும்?

முதல் மூன்று படிகளுக்குப் பயணச் செலவும் நுழைவுக் கட்டணமும் மட்டுமே. டார்ச், அளவு நாடா, நோட்டு, மொபைல் கேமரா போதும். கியூ காப்பகத்தில் வாசகர் அட்டைக்கும், ஆவணத்தை நம் கேமராவில் படமெடுக்கவும் கட்டணம் இல்லை. நேரில் போக முடியாதவர்கள் நகல் கேட்டால் பக்கக் கணக்கில் பணம் கட்ட வேண்டும். அதனால் கோப்பு எண், தேதி வரை குறுக்கிய பிறகே நகல் கேட்போம். பணம் கொடுத்துப் படியெடுப்பது கடைசிப் படியாகவே இருக்கட்டும்.

எச்சரிக்கை

துளையைப் பார்த்ததும் போர்த் தழும்பு என்று முடிவுகட்ட வேண்டாம். போருக்குப் பின் பல டாங்கிகள் பயிற்சிக் களத்தில் சுடுவதற்கு இலக்காக நின்றன.

வண்ணத்தை நம்ப வேண்டாம். 2014-இல் வந்த 'ஃபியூரி' திரைப்படத்துக்காகப் போவிங்டனின் ஷெர்மன் ஒன்று வேறு அடையாளங்களைப் பூசிக்கொண்டது.

எல்லாப் பாகமும் ஒரே வண்டியுடையது என்று நினைக்க வேண்டாம். டைகர் 131-இன் முதல் எஞ்சினைக் காட்சிக்காகக் குறுக்கே வெட்டிவிட்டார்கள். ஓட்டிக்காட்டத் தயாரானபோது இன்னொரு டாங்கியின் எஞ்சின்தான் கைகொடுத்தது.

'1965-இல் கைப்பற்றியது' என்றால் அசல் உத்தர் என்று எழுதிவிட வேண்டாம். சியால்கோட் பகுதியிலும் பாட்டன்கள் சண்டையிட்டன.

அனுமதியின்றி உள்ளே ஏறக் கூடாது. இருட்டில் ஒளிர்வதற்காகப் பழைய அளவுமானிகளில் ரேடியம் பூசினார்கள். சில பாகங்களில் ஆஸ்பெஸ்டாஸும் உண்டு. ராணுவ வளாகங்களில் அடையாள அட்டை வைத்திருப்பதும், படமெடுக்கும் விதியை வாசலிலேயே கேட்டுக்கொள்வதும் கட்டாயம்.

முடித்த பிறகு

அட்டவணையின் ஒரு பிரதியைச் சான்றுகளோடு அருங்காட்சியகத்துக்கு அனுப்புவோம். பலகையில் பிழை இருந்தால் பணிவாக, ஆவணத்தின் பக்கத்தைக் காட்டிச் சொல்வோம். உடனே மாற்றாவிட்டாலும் நம் தாள் அந்த வாகனத்தின் கோப்பில் சேர்ந்துவிடும். அடுத்த ஆய்வாளர் நாம் காலியாக விட்ட கட்டத்திலிருந்தே தொடங்குவார்.

இந்த வாரம் ஒரு வாகனத்தைத் தேர்ந்தெடுங்கள். எட்டுப் படங்கள், ஓர் எண். முதல் வேலை அவ்வளவுதான்.