அடிபட்ட உடும்பும் நமது கடமையும்

சில ஆண்டுகளுக்கு முன்னர், மாரி மழை ஓய்ந்த ஒரு காலையில், படுவான்கரைக் கிராமமொன்றில் இரண்டு சிறுவர்கள் சாக்கொன்றைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்கள். "சுவாமி, நாய் கடிச்சுப்போட்டுது. நீங்க வச்சு வளருங்க" என்றார்கள். உள்ளே ஓர் உடும்பு, பின்னங்காலில் காயம்.

இரக்கப்பட்டு வாங்கினேன். இடுப்பில் கயிறு கட்டித் தகரப் பெட்டியில் விட்டேன். பாலும் சோறும் வைத்தேன். காயத்தில் எண்ணெயும் மஞ்சளும் பூசினேன். பார்க்க வந்த பிள்ளைகளுக்கெல்லாம் பெட்டியைத் திறந்து காட்டினேன். நாலாம் நாள் அது செத்துக் கிடந்தது. நாய்க்கடியால் செத்தது என்றே எண்ணினேன். பின்னர் மிருக வைத்தியர் ஒருவரிடம் பேசியபோதுதான், நான் செய்த ஒவ்வொன்றும் பிழை என்பது விளங்கியது. அன்று கற்றதை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

1. இரண்டு இனங்கள்

எமது வாவிக்கரையில் இரண்டு பெரிய இனங்கள் உண்டு. வயல், பற்றை, பனங்காணி ஆகிய மேட்டு நிலங்களில் திரிவது உடும்பு. சாம்பல் கலந்த மண்ணிறம். மூக்குத் துவாரம் கண்ணுக்கும் மூக்கு நுனிக்கும் நடுவில் கீறல் போல இருக்கும். கண்டல் ஓரத்திலும் வாய்க்காலிலும் நீந்துவது கபரகொய்யா. கறுத்த உடலில் மஞ்சள் புள்ளிகள். மூக்குத் துவாரம் நுனிக்கு அருகில். வால் பக்கவாட்டில் தட்டையானது. கண்டியில் அளக்கப்பட்ட கபரகொய்யா ஒன்று 3.21 மீற்றர் நீளம் இருந்ததாகப் பதிவு உண்டு.

உடும்பை இறைச்சிக்காகப் பிடிக்கிறோம். இப்பழக்கம் பழையது, 1681 இல் வெளிவந்த றொபேட் நொக்ஸின் நூலிலேயே இது சொல்லப்பட்டுள்ளது. கபரகொய்யாவையோ நஞ்சென்று பயந்து அடிக்கிறோம். ஆனால் எலி, நண்டு, நத்தை, பூச்சி, செத்த மீன், அழுகிய பிணம் ஆகியவற்றைத் தின்று, கூலியில்லாமல் எமது சுற்றாடலைத் துப்புரவாக்குபவை இவையே. கோழிக் கூட்டில் முட்டை திருடுவதும் உண்மைதான். அதற்கு மருந்து பொல்லு அல்ல. இரவில் இறுக்கமாக அடைக்கும் கூடு.

2. காப்பாற்றும் முறை

முதலில் உங்களைக் காத்துக்கொள்ளுங்கள். உடும்பு கடிக்கும், நகத்தால் கீறும், வாலால் அடிக்கும். தடித்த சாக்கை அதன்மேல் போட்டுக் கண்ணை மூடுங்கள். இருட்டில் அது அடங்கும். ஒரு கையால் கழுத்தின் பின்புறத்தையும் மறு கையால் இடுப்பையும் தாங்குங்கள். வாலைப் பிடித்துத் தூக்கவே கூடாது. கடிபட்டால் சவர்க்காரமிட்டுக் கழுவி ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தங்கூசி வலையில் சிக்கியிருந்தால் இழுக்காதீர்கள். இழை இன்னும் இறுகும். கத்தரிக்கோலால் ஒவ்வொரு கண்ணாக வெட்டுங்கள். கழுத்திலும் கால் இடுக்கிலும் இழை மிஞ்சியிருக்கிறதா என்று பாருங்கள்.

3. ஓரிரு நாள் வைத்திருக்க நேர்ந்தால்

இடம்: காற்றுத் துளையுள்ள மரப்பெட்டி. தகரப் பெட்டி வெயிலில் அடுப்பாகிவிடும். கயிறு கட்ட வேண்டாம்.

சூடு: நம்மைப்போல் அது தன் உடலில் சூட்டை உண்டாக்கிக்கொள்வதில்லை, வெளியிலிருந்தே பெறுகிறது. சூடு இல்லாவிட்டால் தின்றது செரியாது, காயமும் ஆறாது. பெட்டியின் ஒரு பாதி காலை வெயிலிலும் மறு பாதி நிழலிலும் இருக்கட்டும். வேண்டியதை அது தானே தேர்ந்துகொள்ளும்.

நீரும் உணவும்: தாழ்ந்த சட்டியில் நீர் எப்போதும் இருக்க வேண்டும். முதல் நாள் உணவு தேவையில்லை. வளர்ந்த உடும்பு பல நாள் தின்னாமல் இருக்கும். பிறகு முட்டை, உப்பில்லாத பச்சை மீன், வெட்டுக்கிளி. பால், சோறு, பாண் கூடாது. வாயைத் திறந்து திணிக்கவும் கூடாது.

காயம்: கொதித்தாறிய உப்பு நீரால் கழுவினால் போதும். எண்ணெய், சாம்பல், மண்ணெண்ணெய் வேண்டாம். மனிதர் விழுங்கும் குளிசைகளைக் கொடுக்காதீர்கள். ஆழமான கடி, எலும்பு முறிவு என்றால் மிருக வைத்தியரிடமே கொண்டுசெல்ல வேண்டும்.

அமைதி: இதுவே பெரிய மருந்து. நாயும் வேடிக்கை பார்ப்போரும் அண்டக்கூடாது. தொட்ட பின் சவர்க்காரமிட்டுக் கை கழுவுங்கள். ஊர்வனவற்றின் உடலில் வயிற்றோட்டக் கிருமி இருக்கும்.

4. வளர்ப்பது உதவியா?

இல்லை. 1937 ஆம் ஆண்டில் வந்து பலமுறை திருத்தப்பட்ட விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி இவ்விரு இனங்களும் பாதுகாக்கப்பட்டவை. கொல்வது மட்டுமன்றி, அனுமதியின்றி வைத்திருப்பதும் குற்றம். ஆகவே காயப்பட்ட பிராணி கிடைத்த அன்றே வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். அவர்கள் வரும்வரை காப்பதே எமது பங்கு. காயமில்லாமல் வெள்ளத்துக்குப் பயந்து வீட்டுக்குள் ஏறியதென்றால், நாயைக் கட்டி, கதவைத் திறந்துவிட்டு விலகி நில்லுங்கள். தானே போய்விடும்.

யுத்த நாட்களில் பசிக்காக உடும்பு பிடித்தவர்களை நான் குறை சொல்லமாட்டேன். இன்று பலர் பிடிப்பது பசிக்காக அல்ல. அதன் இறைச்சி பலம் தரும் என்ற நம்பிக்கைக்காக. கோழி முட்டையிலும் வாவி மீனிலும் இல்லாத எந்தப் பலம் உடும்பில் இருக்கிறது?

"உடும்பு வேண்டாம், கையை விட்டால் போதும்" என்பது நம்மவர் பழமொழி. உடும்பின் பிடி அவ்வளவு உறுதி. ஆனால் அன்று என் வீட்டுத் தகரப் பெட்டியில் பிடித்துக்கொண்டிருந்தது உடும்பு அல்ல, நான்தான். இரக்கம் என்று நினைத்து இறுக்கிப் பிடித்தேன். எடுத்துத் தாங்குவது உதவியின் முதற்பாதி; உரிய நேரத்தில் கையை விடுவது மறுபாதி.

கலந்துரையாடலுக்கு:

1. எமது கிராமத்தில் உடும்பும் கபரகொய்யாவும் எவ்வாறு அதிகம் அடிபடுகின்றன: நாயாலா, வலையாலா, வாகனத்தாலா, மனிதராலா?
2. அறுந்த தங்கூசி வலைகளைக் கரையில் எறியாதிருக்க மீனவர் சங்கம் என்ன செய்யலாம்?
3. மனிதருக்கு உதவும்போதும் பிடியை விடத் தெரியாமல் இருக்கிறோமா?