மறைந்த இருப்புப்பாதையும் கைகாட்டி மரமும்

முன்னுரை

கிருஷ்ணகிரி 2004ஆம் ஆண்டில் தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. ஆயினும் அந்நகரில் இன்று புகைவண்டி நிலையம் இல்லை. முன்னொரு காலத்தில் இருந்தது என்பதை மாணவருக்கு நினைவூட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பஞ்சம் தந்த பாதை

1876–78ஆம் ஆண்டுகளின் தாது வருடப் பஞ்சம் சேலம் மாவட்டத்தைப் பெரிதும் வாட்டியது. மழை பொய்க்கும் பகுதிகளுக்குத் தானியம் விரைந்து சேர இருப்புப்பாதை வேண்டும் என்பது அப்பஞ்சம் கற்பித்த பாடம். அதன் பயனாக 1905இல் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும், 1906இல் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கும் இரண்டரை அடி அகலக் குறும்பாதைகள் அமைந்தன. பின்னது 1913இல் ஓசூர் வரை நீண்டது.

சந்திப்பின் இயல்பு

திருப்பத்தூரும் மொரப்பூரும் சென்னை – சேலம் அகலப்பாதையில் உள்ளவை. அகலப்பாதையின் அகலமோ ஐந்தரை அடி. ஒன்றின் வண்டி மற்றொன்றில் ஓடாது. ஆகவே மூட்டைகள் யாவும் அங்கே ஒரு வண்டியிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றப்பட வேண்டியிருந்தன. சந்திப்பு என்பது பாதைகள் கூடுமிடம் மட்டுமன்று. உழைப்பாளர் தோள்கள் சுமை தாங்குமிடமுமாகும்.

கைகாட்டி

சிக்னல் மரத்திற்குத் தமிழ் மக்கள் இட்ட பெயர் 'கைகாட்டி'. கை நீண்டிருந்தால் நில், தாழ்ந்தால் செல். பெரிய சந்திப்புகளில் உயர்ந்த கேபினிலிருந்து நெம்புகோல்கள் கம்பிகளை இழுத்து அக்கையை இயக்கின. தண்டவாளம் உரிய பக்கம் பொருந்தாதவரை கைகாட்டியின் நெம்புகோல் அசையாது. வழியைச் செம்மை செய்த பின்னரே பிறருக்கு வழிகாட்டலாம் என்னும் அறம் அதில் அடங்கியுள்ளது.

மறைவு

இரண்டாம் உலகப்போருக்குப் பின் இவ்விரு குறும்பாதைகளிலும் வண்டி ஓடவில்லை. தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. ஓசூருக்குச் சேலம் – பெங்களூர்ப் பாதை பின்னர் வாய்த்தது, தொழிற்பேட்டையும் வளர்ந்தது. மொரப்பூர் – தருமபுரிப் புதிய பாதைக்கு 2019இல் அடிக்கல் நாட்டப்பட்டது. கிருஷ்ணகிரியோ இன்னும் காத்திருக்கிறது.

முடிவுரை

பஞ்சத்தில் உயிர் காக்க இட்ட பாதை போர்க்காலத்தில் மறைந்தது. அதனைக் கண்ணாற் கண்டோர் இன்று மிகச் சிலரே. மாணவர்காள்! உங்கள் இல்லத்து முதியோரை அணுகி, நிலையம் நின்ற இடம், பயணம் செய்த நினைவு, அக்காலச் சொற்கள் ஆகியவற்றைக் கேட்டெழுதுங்கள். பெயர்த்த தண்டவாளத்தை மீண்டும் இடலாம். முதியோருடன் மறையும் சொல்லை மீட்டல் அரிது.