இன், ஒன், அற்: எங்கே எது?

விட்டுவந்த காணி எங்கே உள்ளதென ஆங்கிலப் படிவத்தில் எழுதும்போது நாம் தடுமாறுகிறோம். தமிழில் பெரும்பாலும் ‘இல்’ என்ற ஓர் உருபே போதும். ஆங்கிலத்திலோ மூன்று சொற்கள்.

1. இன்: எல்லைக்குள் இருப்பது. கிளிநொச்சி மாவட்டத்தில் – ‘இன் கிளிநொச்சி டிஸ்ரிக்ற்’.

2. ஒன்: மேற்பரப்பில் இருப்பது, வீதி போன்ற கோட்டை ஒட்டியிருப்பது. ஏ9 வீதியோரக் காணி – ‘ஒன் த ஏ9 றோட்’.

3. அற்: ஒரு புள்ளியாகக் கருதும் இடம். பரந்தன் சந்தியில் – ‘அற் பரந்தன் ஜங்சன்’.

அம்மா கிணற்றடியில் நின்றால் ‘அற் த வெல்’. ‘இன் த வெல்’ என்றால், அயலவர் கயிற்றோடு ஓடிவருவர்!

பயிற்சி: உங்கள் காணியின் மாவட்டம், வீதி, அருகிலுள்ள சந்தி மூன்றையும் இவ்வாறு எழுதிப் பாருங்கள்.