போயிட்டு வரேன்: ஜப்பான் கூட்டாளியிடம் படித்தது



நம்ம தோட்டங்களில் ரெண்டு ஜப்பான் இருக்கு. ஒன்று நமக்குப் பழக்கமானது: நருத்தோ, ஹோண்டா மோட்டார், பாசார் மாலாமில் விற்கிற சுஷி. இன்னொன்று பாட்டிமார் சொல்லும் 'சப்பான்காரன் காலம்': மரவள்ளிக்கிழங்கு, வாழைமரத்து நோட்டு, கன்னத்தில் அறை, சயாம். பல வீடுகளில் இந்த ரெண்டு ஜப்பானும் ஒரே கூடத்தில்தான் உட்கார்ந்திருக்கு. ஆனால் ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்வதில்லை.

எனக்கு மூன்றாவதாக ஒரு ஜப்பானைக் காட்டியவன் என் வகுப்புக் கூட்டாளி. 1982இல் பிரதமர் மகாதீர் 'கிழக்கை நோக்கும் கொள்கை'யை அறிவித்ததிலிருந்து நம் நாட்டு மாணவர்கள் ஜப்பானுக்குப் போய்ப் பொறியியல் படித்துவிட்டு வருகிறார்கள். இவன் எதிர்த்திசையில் வந்தவன். ரெண்டு செமஸ்டர் மட்டும் இங்கே படிக்க வந்து, ஆய்வுக்கூடத்தில் என் குழுவில் சேர்ந்தான். பேரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான், அதனால் கூட்டாளி என்றே எழுதுகிறேன். எங்களுக்குள் பேச்சு அரைகுறை ஆங்கிலம், கொஞ்சம் மலாய்.

முதலில் படித்தது ஒரு விடைபெறும் சொல். ஜப்பானில் வீட்டை விட்டுக் கிளம்புகிறவர் 'இத்தெ கிமாஸ்' என்பார். அர்த்தம் என்ன என்று கேட்டேன். 'இத்தெ' என்றால் போய், 'கிமாஸ்' என்றால் வருகிறேன். அட, நம்ம 'போயிட்டு வரேன்'! வீட்டில் இருப்பவர் பதிலுக்கு 'இத்தெராஷ்ஷாய்' என்பார், அதாவது 'போயிட்டு வாங்க'. 'போறேன்' என்று மட்டும் சொன்னால் நம் வீட்டில் திட்டு விழும் என்று சொன்னேன். அவனுக்கு ஒரே ஆச்சரியம். திரும்பி வந்ததும் சொல்வதற்கும் அவர்களிடம் ஒரு சொல் உண்டு: 'தடாய்மா', இதோ வந்துட்டேன். நம்மிடம் அதற்குத் தனியாகச் சொல் இல்லை. செருப்பைக் கழற்றும் சத்தத்திலேயே அம்மாவுக்குத் தெரிந்துவிடுகிறது.

செருப்பு விஷயம் நமக்குப் புதிதில்லை. அவர்கள் வீட்டு வாசலில் 'கென்கான்' என்று கொஞ்சம் தாழ்வான இடம் இருக்கும், அங்கே கழற்றிவிட்டுத்தான் உள்ளே ஏற வேண்டும். கழற்றிய செருப்பை வெளிப்பக்கம் பார்த்துத் திருப்பி, ஜோடியாக வைத்துவிட்டுப் போவார்கள். நாம் கோயில் வாசலில் செருப்பு விடுகிற லட்சணத்தை இங்கே எழுத வேண்டாம்.

சாப்பிடும் முன் கையைக் கூப்பி 'இத்தடகிமாஸ்' என்பார்கள். பணிவோடு பெற்றுக்கொள்கிறேன் என்று பொருள். ஆரம்பப் பள்ளியில் பிள்ளைகளே வெள்ளைத் தொப்பி போட்டு வகுப்பில் சாப்பாடு பரிமாறுவதும், வகுப்பறையையும் நடைபாதையையும் தினமும் துடைப்பதும் அங்கே சாதாரணம். இதை நம் ஊரில் மேடை போட்டுப் புகழ்கிறார்கள். கூட்டாளியோ தோளைக் குலுக்கினான்: 'நாங்களும் ஓபி அடித்திருக்கிறோம், வாத்தியார் பார்த்தால்தான் துடைப்போம்.' வேலைப் பளுவால் சாவதற்கு 'கரோஷி' என்று ஒரு சொல்லே அவன் மொழியில் இருக்கிறது என்றும் சொன்னான். இதை மேடைப் பேச்சாளர்கள் சொல்லி நான் கேட்டதில்லை.

இனி எழுத்துப் பாடம். இதை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஜப்பானிய உயிரெழுத்துகள் ஐந்து: அ, இ, உ, எ, ஒ. வரிசையும் இதுதான். நம் குறில்கள் அப்படியே நிற்கின்றன. பிறகு வரும் வரிசைகள் க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. கடைசியில் தனியாக ஒரு 'ன்'. இப்போது நம் மெய்யெழுத்து வரிசையில் ங, ஞ, ட, ண போன்ற அவர்களிடம் இல்லாதவற்றை நீக்கிவிட்டுப் படியுங்கள்: க, ச, த, ந, ப, ம, ய, ர, வ. 'ப' இருக்க வேண்டிய இடத்தில் 'ஹ' இருக்கிறதே என்று தோன்றும். பழைய ஜப்பானிய மொழியில் அந்த வரிசை 'ப' ஒலியோடுதான் இருந்தது, பின்னால்தான் 'ஹ' ஆனது. (கடைசியில் 'ன்' வருவது ரெண்டு பக்கமும் தற்செயல்.)

காரணம் மந்திரம். புத்த பிக்குகள் சமஸ்கிருத மந்திரங்களைச் சரியாக உச்சரிக்க 'சித்தம்' என்ற இந்திய எழுத்தைப் படித்தார்கள். கூகாய் என்ற துறவி 804இல் சீனா போனார், அங்கே பிரக்ஞர் என்ற இந்தியத் துறவியிடமும் பாடம் கேட்டு 806இல் ஊர் திரும்பினார். தொண்டையில் தொடங்கி உதடுவரை வரும் நம் நாட்டு ஒலி வரிசை இப்படிப்பட்ட படிப்பின் வழியாகத்தான் அங்கே ஊன்றியது. கூகாய் தொடங்கிய மரபில் இன்றும் தீ வளர்த்து வேண்டுகிறார்கள். அதன் பெயர் 'கோமா', நம் ஹோமம்தான்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. 'ஜப்பான் மொழி தமிழிலிருந்துதான் பிறந்தது' என்று வாட்சப்பில் சுற்றும். சுசுமு ஓனோ என்ற ஜப்பானியப் பேராசிரியர் இரு மொழிக்கும் உறவு உண்டு என்று பல ஆண்டுகள் உழைத்து எழுதியது உண்மை. பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை என்பதும் உண்மை. முதல் பாதியை மட்டும் அனுப்பாதீர்கள்.

சாமிகள் விஷயத்திலும் இதே நிதானம் வேண்டும். நம் சரஸ்வதி அங்கே பென்சாய்தென். வீணைக்குப் பதில் 'பீவா' என்ற நரம்பு வாத்தியம் வைத்திருப்பாள். ஆற்றுத் தெய்வமாக இருந்தவள் என்பதாலோ என்னவோ, அவளுடைய பெயர்பெற்ற கோயில்கள் எனோஷிமா, சிக்குபுஷிமா போன்ற தீவுகளில், தண்ணீர் சூழ இருக்கின்றன. பிள்ளையார் அங்கே கன்கிதென். தோக்கியோவின் அசாகுசா பகுதியில் அவருக்கு ஒரு கோயில் உண்டு, அங்கே படைப்பது வெள்ளை முள்ளங்கி. 752இல் நாரா நகரத்துப் பெரிய புத்தருக்குக் கண் திறந்துவைத்தவர் இந்தியாவிலிருந்து போன போதிசேனர். அவர் பிடித்த தூரிகையில் நீண்ட கயிறுகள் கட்டி, கூடியிருந்தவர்கள் அவற்றைப் பிடித்துக்கொண்டார்களாம். எல்லார் கையும் கண் திறப்பில் சேர வேண்டும் என்பதற்காக. நம் கும்பாபிஷேகத்தில் தர்ப்பைக் கயிறு பிடித்து நின்றவர்களுக்கு இது புரியும்.

'அப்படின்னா நீங்களும் இந்துவா?' என்று என் தம்பி கேட்டே விட்டான். கூட்டாளி சிரித்தான். புத்தாண்டுக்கு ஷிந்தோ ஆலயம், சாவுக்குப் புத்த கோயில், கேட்டால் மதம் இல்லை என்று சொல்வானாம். ஆனால் அவன் பாட்டி தினமும் காலையில் வீட்டு மாடத்தில் இறந்தவர்களுக்குச் சோறு வைத்த பிறகுதான் மற்றவர்களுக்குப் பரிமாறுவார். அவர்களை நம் கணக்கில் எழுதிக்கொள்ளாமலேயே இதையெல்லாம் ரசிக்க முடிகிறது.

இப்போது அந்த இன்னொரு ஜப்பான்.

ஒருநாள் ஆய்வுக்கூடத்தில் அவன் ஒரு மெட்டைச் சீட்டியடித்தான். 1957இல் வந்த 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' படத்தில் கைதிகள் சீட்டியடித்து நடக்கும் அதே மெட்டு. எங்கே கேட்டாய் என்றேன். ஜப்பானில் சின்னப் பிள்ளைகள் குரங்கினங்களின் பெயர்களை அடுக்கிப் பாடும் விளையாட்டுப் பாட்டு என்றான். படத்தைப் பற்றியோ பாதையைப் பற்றியோ அவனுக்கு ஒன்றும் தெரியாது. பள்ளியில் ஹிரோஷிமா படித்திருக்கிறான். சயாம் படித்ததில்லை.

நான் சொன்னேன். சயாம்–பர்மா ரயில் பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் இணைத்துவிட்டார்கள். சுமார் 16 மாதம், மாதத்துக்கு 26 கிலோமீட்டர். மலையும் காடும் ஆறும், கையில் மண்வெட்டி, உளி, சுத்தியல், கூடை. கட்டுமானக் கணக்கு தெரிந்த எவனும் இந்த எண்ணைப் பார்த்ததும் கேட்க வேண்டிய கேள்வி, 'எத்தனை பேர் செத்தார்கள்?' என்பதுதான். போர்க்கைதிகள் சுமார் 60,000 பேரில் 12,000க்கு மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களின் சாவு அதைவிடப் பல மடங்கு. போருக்குப் பிந்தைய கணக்குப்படி மலாயாவிலிருந்து மட்டும் 70,000 பேருக்கு மேல் கொண்டுபோனார்கள், அதில் பெரும்பகுதி தோட்டத் தமிழர்கள். ரப்பர் ஏற்றுமதி நின்று, அரிசியும் கிடைக்காத நேரம். மூன்று மாத வேலை, நாள் சம்பளம் என்று சொல்லித்தான் முதலில் அழைத்தார்கள். ஆள் போதாதபோது பிடித்து லாரியில் ஏற்றினார்கள். கைதிகளிடம் சொந்த மருத்துவர்கள் இருந்தார்கள், தண்ணீரைக் கொதிக்கவைக்கும் ஒழுங்கும் இருந்தது. நம்மவர்களுக்கு அது இல்லை. 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது முகாம் முகாமாகப் போனார்கள். காஞ்சனபுரி போர்க் கல்லறையில் கிட்டத்தட்ட 7,000 கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. நம்மவர்களுக்கு அப்படி ஒரு வரிசை கிடையாது.

அந்தப் பாதையில் ஓடிய நீராவி இஞ்சின் ஒன்று, சி56 வகை, 31ஆம் எண், தோக்கியோவில் யாசுகுனி ஆலயத்தின் போர் அருங்காட்சியகத்தில் பளபளவென்று நிற்கிறது. அவன் கைப்பேசியில் அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். 'உன் வீட்டிலிருந்து யாராவது?' என்று கேட்டான்.

என் பூட்டன். ரந்தாவ் பக்கத்தில் எங்கள் தோட்டத்திலிருந்து போனவர். பாட்டி 1942இல் பிறந்தார், அப்பா முகம் தெரியாது, வீட்டில் படமும் இல்லை. பாட்டியின் அம்மா சொல்லிச் சொல்லிப் பாட்டி மனசில் நின்றது ஒன்றே ஒன்று: மனுஷன் வாசப்படியில் நின்று, 'போயிட்டு வரேன்' என்று சொல்லிவிட்டுத்தான் போனாராம்.

பாட்டியைப் பார்க்கலாமா என்று அவனே கேட்டான். வீட்டில் பெரிய வாக்குவாதம். மாமா, 'வேண்டாம், கிழவி மனசு கலங்கும்' என்றார். பாட்டியிடமே கேட்டோம். 'சாப்பாட்டு நேரத்துக்குக் கூட்டிட்டு வா' என்றார், அவ்வளவுதான்.

பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்ட ரோட்டில், மாரியம்மன் கோயிலைத் தாண்டி, ஆடி மாசம் ஒரு சனிக்கிழமை போனோம். வாசலில் செருப்பைக் கழற்றித் திருப்பி வைத்தான். பாட்டி அதைக் கவனித்தார். சாப்பிடும் முன் அவன் கை கூப்பியதையும் கவனித்தார். சாப்பாடு முடிந்து வெகுநேரம் கழித்துத்தான் கேட்டார்: 'ஏன்டா, இவங்க ஊர்ல செத்தவங்களுக்கு என்ன செய்வாங்க?'

அவன் 'ஓபோன்' பற்றிச் சொன்னான், நான் தமிழில் சொன்னேன். பல ஊர்களில் ஆகஸ்டு 13 முதல் 16 வரை முன்னோர்கள் வீட்டுக்கு வருவார்கள். வழி தெரிய விளக்கு வைப்பார்கள். வெள்ளரிக்காயில் குச்சி செருகிக் குதிரை செய்வார்கள், வேகமாக வந்து சேர. கத்தரிக்காயில் மாடு செய்வார்கள், மெதுவாகத் திரும்பிப் போக. பாட்டிக்குத் திதி தெரியாது. அதனால் ஒவ்வொரு வருஷமும் ஆடி அமாவாசையிலும் மாளய அமாவாசையிலும் பூட்டனுக்கு இலை போடுகிறார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, 'குதிரைக்கு நாலு குச்சி போதுமா?' என்று கேட்டார்.

பாட்டி மன்னித்தாரா என்று வகுப்பில் ஒரு தங்கை கேட்டாள். நான் பாட்டியிடம் அதைக் கேட்கவில்லை. மன்னிக்கச் சொல்லி அவனும் கேட்கவில்லை. பூட்டன் பெயரை எப்படிச் சொல்வது என்று மூன்று முறை கேட்டு, தன் எழுத்தில் ஒரு தாளில் எழுதிக்கொண்டான். அடுத்த ஓபோனுக்கு அவன் பாட்டி வீட்டு மாடத்தில் வைக்கப்போவதாகச் சொன்னான். கிளம்பும்போது 'போயிட்டு வரேன் பாட்டி' என்றான், நான் காரில் சொல்லிக்கொடுத்திருந்தேன். பாட்டி தலையை மட்டும் ஆட்டினார்.

அந்த வாரத்திலிருந்து நானும் தம்பியும் எங்கள் தோட்டத்து வீடுகளில் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறோம். உங்கள் தோட்டத்திலும் செய்யலாம், ஒரு பள்ளி நோட்டு போதும். போனவர் பெயர், வயது, எந்த டிவிஷன், எந்த வருஷம், யாரோடு போனார், திரும்பினாரா, சொன்னவர் யார், அவருக்கு என்ன உறவு. கேட்கும்போது பக்கத்தில் இன்னொரு பெரியவர் இருந்தால் நல்லது, ஒருவர் மறந்ததை மற்றவர் எடுத்துக்கொடுப்பார். இதுவரை எங்கள் நோட்டில் 7 பேர். ஆறு பேருக்குப் பெயர் கிடைத்துவிட்டது. ஒருவரை எல்லோரும் 'பெரிய கிராணி வீட்டு மாட்டுக்காரர்' என்றுதான் சொல்கிறார்கள்.