முதலில் மாதத்தை எண்ணு, தம்பி

என் தம்பியை அமெரிக்க ராணுவத்தில் சேர்த்தது தமிழ்தான். மேவ்னி என்றொரு திட்டம் இருந்தது. கிரீன் கார்டு இல்லாத வெளிநாட்டவரையும் அவர்கள் பேசும் மொழிக்காகப் படையில் எடுத்தார்கள். அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. 2016-ல் புதிய ஆள் எடுப்பது நின்றுபோனது. அதற்கு முன்பே உள்ளே போனவன் இவன். மெடிக்காக வேலை பார்த்தான், குடியுரிமை வாங்கினான், வெளியே வந்து பொது சுகாதார முதுகலையான எம்.பி.எச். முடித்தான். இப்போது, "அக்கா, பொது சுகாதாரக் கல்வியில் டாக்டரேட் பண்ணப் போறேன்" என்கிறான்.

ஏன் இந்தத் துறை என்று கேட்டேன். "ஊசி போட்டுக் காப்பாத்தினதைவிட, வெயில்ல தண்ணி குடிங்கடானு பேசிப் புரியவெச்சுக் காப்பாத்தினதுதான் அதிகம்" என்றான். அந்த ஒரு பதிலே எனக்குப் போதும். இவன் இந்தப் படிப்புக்குப் போகத்தான் வேண்டும். எந்தக் கல்லூரிக்கு என்பதில்தான் எனக்குக் கவலை. நானும் இதே துறையில் டாக்டரேட் முடித்தவள். அவனுக்குச் சொன்னதையே அவனைப் போன்ற தம்பி தங்கைகளுக்காகவும் எழுதுகிறேன்.

அவன் நீட்டிய மூன்று கல்லூரிகளின் விளம்பரத்திலும் 'முன்னாள் படைவீரர்களுக்கு உகந்தது' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அந்தச் சொல்லுக்குச் சட்டத்தில் அளவுகோல் கிடையாது, யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். படைவீரர்களுக்குக் கல்லூரி தேடித்தரும் ஒரு தளத்தை நடத்திய நிறுவனத்தின் மேல் 2017-ல் அமெரிக்க வர்த்தக ஆணையமே நடவடிக்கை எடுத்தது. உகந்தவை என்று தானே தேர்ந்தெடுத்த கல்லூரிகளை மட்டுமே காட்டுவதாகச் சொல்லிவிட்டு, அந்தத் தேர்வில் இல்லாதவற்றையும் சேர்த்துக் காட்டியது என்பது குற்றச்சாட்டு. எனவே கல்லூரிப் பட்டியலை ஓரமாக வை, காலண்டரை எடு.

முன்னாள் படைவீரர்களின் படிப்புச் செலவை ஏற்கும் '9/11-க்குப் பிந்தைய ஜி.ஐ. பில்' என்ற சலுகை தருவது 36 மாதம். நீ சேர்ந்து படிக்கும் மாதங்கள் மட்டுமே கழியும். ஒரு கல்வியாண்டுக்கு ஒன்பது மாதம் என்று வைத்தால் நான்கு ஆண்டு வரும். தம்பி எம்.பி.எச்.சுக்கு 15 மாதத்தைச் செலவழித்துவிட்டான், மிச்சம் 21. அதாவது இரண்டு கல்வியாண்டும் ஒரு மூன்று மாதமும். டாக்டரேட்டில் வகுப்புகள் முடியவே ஏறத்தாழ இரண்டு ஆண்டு ஆகும். பிறகு தகுதித் தேர்வு, அதன்பின் ஆய்வேடு. ஆய்வேடு எழுதும் காலத்தில் வகுப்பும் இருக்காது, கூடப் படிப்பவர்களும் கலைந்திருப்பார்கள். டாக்டரேட்டைப் பாதியில் விட்டவர்கள் என்று நான் அறிந்தவர்களில் பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் விட்டார்கள். தம்பியின் பணமும் சரியாக அங்கேதான் தீரும். ஒரு கல்லூரி உனக்கு உகந்ததா என்று பார்க்க வேண்டிய இடம் சேரும் நாள் இல்லை, மூன்றாம் ஆண்டின் தொடக்கம்.

அதனால் கணக்கைக் கடைசியிலிருந்து போடு. முழுநேர பிஹெச்.டி. இடங்கள் பலவற்றில் துறையே கல்விக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, உதவியாளர் வேலையும் மாதச் சம்பளமும் தரும். அப்படி இடம் கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு ஜி.ஐ. பில்லைத் தொடாதே. தொட்டால் கட்டணத்துக்குப் பெரிதாக எதுவும் வராது, ஏனென்றால் தள்ளுபடி போக மிஞ்சியதைத்தான் படைவீரர் நலத் துறையான வி.ஏ. கட்டும். வீட்டு வாடகைப் படி வரும், உண்மைதான். ஆனால் மாதமும் முழுசாகக் கழியும். அந்த மாதங்களை ஆய்வேட்டுக் காலத்துக்குச் சேமித்து வை. 2013 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்போ படையிலிருந்து விடுபட்டவர்களுக்கு இந்தச் சலுகை காலாவதியாவதில்லை, அவசரப்பட வேண்டியதில்லை.

பொது சுகாதாரத்தின் இன்னொரு டாக்டரேட்டான டி.ஆர்.பி.எச். வேறு கதை. அது களத்தில் தலைமை ஏற்பவர்களுக்கான பட்டம். வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகப் படிக்கிறவர்கள் அதிகம், சம்பளத்தோடு கூடிய இடங்கள் குறைவு. ஆராய்ச்சிக்கும் கல்லூரி ஆசிரியர் வேலைக்கும் பிஹெச்.டி. பொருந்தும், சுகாதாரத் துறையையோ ஒரு தொண்டு நிறுவனத்தையோ நடத்த டி.ஆர்.பி.எச். பொருந்தும். தம்பிக்குப் பிந்தையதுதான் பொருந்தும் என்று என் மனசு சொல்கிறது. பணக்கணக்கோ முந்தையதைக் காட்டுகிறது. இதை அவன்தான் தீர்மானிக்க வேண்டும்.

வாடகைப் படியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பலர் விழுந்து அடிபடுவது இதில்தான். இ-5 என்ற சம்பள நிலையில் குடும்பத்தோடு இருக்கும் படைவீரருக்கு அந்தக் கல்லூரியின் ஜிப் கோடில் என்ன படியோ, அதை வைத்து உனக்குக் கணக்கிடுவார்கள். முழுக்க ஆன்லைன் என்றால் தேசிய சராசரியில் பாதிதான். ஒரே ஒரு பாடமாவது நேரில் உட்கார்ந்து படித்தால் அந்த ஊர் விகிதம் கிடைக்கும். பாதிநேரத்துக்கு மேல் பதிவு செய்திருக்க வேண்டும், சரியாகப் பாதி என்றால் ஒன்றுமே வராது. செமஸ்டர்களுக்கு இடைப்பட்ட விடுமுறை நாட்களுக்கும் கிடையாது. டிசம்பர் கடைசியும் கோடையும் கையைக் கடிக்கும். மாதாமாதம் 'இன்னும் படிக்கிறேன்' என்று உறுதிசெய்யவும் வேண்டும், இரண்டு மாதம் தொடர்ந்து மறந்தால் படி நின்றுவிடும்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண், அவளும் படையிலிருந்து வந்தவள், ஆன்லைன் கல்லூரி ஒன்றில் சேர்ந்தாள். தினமும் போன் செய்து சேரச் சொன்னார்கள். சேர்ந்த பிறகுதான் படி பாதி என்று தெரிந்தது. வகுப்புகள் முடிந்ததும் ஆய்வேட்டுக் கிரெடிட்டைச் செமஸ்டருக்குச் செமஸ்டர் நீட்டிக்கொண்டே போனார்கள், ஒவ்வொன்றுக்கும் கட்டணம். கைடு இரண்டு முறை மாறினார். மாதங்கள் தீர்ந்தன, பட்டம் வரவில்லை. அவள் அழுததை நான் பார்த்திருக்கிறேன். வேலையும் குழந்தையும் உள்ளவர்களுக்கு ஆன்லைன் தேவைதான், அது கெடுதல் என்று நான் சொல்லவில்லை. ஆய்வேட்டுக் காலம் எப்படி நடக்கும் என்று எழுத்தில் வாங்காமல் சேராதே என்கிறேன்.

அங்கீகாரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பொது சுகாதாரப் பள்ளிகளுக்கும் படிப்புகளுக்கும் அங்கீகாரம் தருவது சி.இ.பி.எச். என்ற குழு. பல்கலைக்கழகத்துக்குப் பொது அங்கீகாரம் இருந்தால் மட்டும் போதாது, இந்தப் பெயரும் இருக்கிறதா என்று பார். சுகாதாரக் கல்வியாளருக்கான சி.எச்.இ.எஸ். சான்றிதழை நீ இன்னும் எடுக்கவில்லை என்றால் டாக்டரேட்டுக்கு முன்பே எடுத்துவிடு. பட்டத்தின் பெயரில் மயங்காதே. சில இடங்களில் இந்தத் துறையை 'சுகாதார நடத்தை' என்பார்கள், சில இடங்களில் 'சுகாதார மேம்பாடு' என்பார்கள், ஆசிரியர் கல்லூரிகளில் அது இ.டி.டி. பட்டமாகவும் இருக்கும்.

ஊர் தேடும்போது பக்கத்தில் வி.ஏ. மருத்துவமனை இருக்கிறதா என்று பார். உன் ஆய்வு படைவீரர்களைப் பற்றியதாக இருக்கும், அவர்கள் அங்கேதான் வருகிறார்கள். டாம்பாவில் தென் ஃப்ளோரிடா பல்கலைக்கழகமும் ஜேம்ஸ் ஹேலி மருத்துவமனையும் பக்கத்துப் பக்கத்தில். கல்லூரிக்குள்ளேயே வி.ஏ. ஆலோசகரை உட்காரவைக்கும் திட்டம் 2009-ல் அங்கேதான் முதலில் தொடங்கியது. ஆன் ஆர்பரில் மிச்சிகன் பல்கலைக்கழகமும் வி.ஏ. ஆராய்ச்சி மையமும் ஒரே ஊரில். சாப்பல் ஹில்லில் படித்தால் டர்ஹாம் வி.ஏ. எட்டும் தூரம். ஹூஸ்டனும் அப்படித்தான், அதற்கு இன்னொரு பலமும் உண்டு. டெக்சஸிலிருந்து படைக்குப் போய்த் திரும்பியவர்களுக்கு ஹேசல்வுட் சட்டப்படி அந்த மாநில அரசுப் பல்கலைக்கழகங்களில் 150 கிரெடிட் வரை கல்விக் கட்டணம் இல்லை. ஜி.ஐ. பில் தீர்ந்தவர்களுக்கு இது பெரிய உதவி.

தனியார் பல்கலைக்கழகம் என்றால் வி.ஏ. தரும் கட்டணத்துக்கு ஆண்டு உச்சவரம்பு உண்டு. 2025-26-ல் அது ஏறத்தாழ 29,920 டாலர். மேலே போவதைக் கல்லூரியும் வி.ஏ.வும் பங்கிட்டுக்கொள்வதுதான் எல்லோ ரிப்பன். 'எங்களிடம் எல்லோ ரிப்பன் இருக்கிறது' என்றதும் தலையாட்டிவிடாதே. பொது சுகாதாரப் பள்ளிக்கு உண்டா, டாக்டரேட்டுக்கு உண்டா, எத்தனை பேருக்கு, எவ்வளவு என்று கேள். ஒரே பல்கலைக்கழகத்தில் சட்டக் கல்லூரிக்கு ஒரு தொகையும் உனக்கு வேறு தொகையும் இருக்கலாம்.

படையில் பட்ட காயத்துக்கு வி.ஏ. குறைபாட்டு விகிதம் கொடுத்திருந்தால், மறுவாழ்வுக் கல்வித் திட்டமான சாப்டர் 31-ஐ முதலில் விசாரி. உன் வேலை இலக்குக்கு டாக்டரேட் தேவை என்று ஆலோசகர் ஏற்றால் கட்டணம் அதிலேயே போகும். ஜி.ஐ. பில்லில் ஒரு நாளாவது மிச்சம் இருந்தால் அந்தத் திட்டத்திலும் அதிகமான ஜி.ஐ. பில் படியையே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். அந்த ஒரு நாளையும் துடைத்துவிட்டுப் போய் நிற்காதே. தம்பிக்கு முதுகு வலி உண்டு, "சின்ன விஷயம்க்கா" என்று பேப்பர் போடாமல் இருக்கிறான். அது சின்ன விஷயம் இல்லை.

விண்ணப்பிக்கும் முன் இரண்டு பேரிடம் பேசு. ஒருவர், உன் பதிவை வி.ஏ.வுக்கு அனுப்பும் கல்லூரி அதிகாரி. 'ஆய்வேட்டுக் கிரெடிட்டை முழுநேரமாகச் சான்று அனுப்புவீர்களா? நேர்வகுப்பாகவா, ஆன்லைனாகவா? அந்தச் செமஸ்டரில் எத்தனை கிரெடிட் எடுத்தால் முழுநேரம்?' என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள். இன்னொருவர், அங்கே இப்போது ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கும் முன்னாள் படைவீரர். அப்படி ஒருவரைக்கூடக் காட்ட முடியாத கல்லூரிக்கு விண்ணப்பக் கட்டணம் கட்டாதே.

இன்று ராத்திரியே வி.ஏ. இணையதளத்தில் நுழைந்து உன் சலுகைக் கணக்கைத் திற. எத்தனை மாதம், எத்தனை நாள் மிச்சம் என்று ஒரு தாளில் எழுதி எனக்குப் போட்டோ அனுப்பு. கல்லூரிப் பெயர்களை நாளைக்குப் பேசிக்கொள்ளலாம்.