தேர்தலில் சந்தேகமா? எழுதிக் கேளுங்கள்!

2024 ஏப்ரல் 19. மக்களவைத் தேர்தலுக்குத் தமிழ்நாடு ஓட்டுப் போட்டு முடித்த அன்று மாலை, மாநிலத்தில் 72.09 சதவீத வாக்குகள் பதிவானதாக அறிவித்தார்கள். நள்ளிரவு தாண்டியதும் அது 69.46 ஆனது, கடைசியில் 69.72 என்று நின்றது. சோழிங்கநல்லூரும் வேளச்சேரியும் அடங்கிய தென்சென்னையில் 67.82 என்று சொன்னது 54.27 ஆகச் சரிந்தது. முதலில் சொன்னது சில வாக்குச்சாவடிகளிலிருந்து செயலி வழியாக வந்த உத்தேசக் கணக்கு என்று அதிகாரிகள் விளக்கினார்கள். ஆனால் அதற்குள் ஊரெல்லாம் பேச்சாகிவிட்டது.

அதற்கு இரண்டு வாரம் முன்புதான் தாம்பரம் ரயில் நிலையத்தில், நெல்லை எக்ஸ்பிரஸில் சுமார் 4 கோடி ரூபாய் ரொக்கம் பிடிபட்டிருந்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில், எஸ்ஐஆர் எனப்படும் சிறப்புத் தீவிரத் திருத்தத்தின் வரைவு வாக்காளர் பட்டியலிலிருந்து மாநிலம் முழுக்க 97 லட்சம் பெயர்கள் போயின. நம் செங்கல்பட்டு மாவட்டத்தில் மட்டும் சுமார் 7 லட்சம். காட்டாங்குளத்தூரிலிருந்து தாம்பரம் போகும் மின்சார ரயிலில் இதைப் பற்றிப் பேசாத பெட்டி இருந்திருக்காது.

சந்தேகப்படுவது தப்பே இல்லை. அது ஓட்டுரிமையின் ஒரு பகுதி. ஆனால் வாட்ஸ்அப்பில் சுற்றும் சந்தேகத்துக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. பூத் எண்ணும் தேதியும் போட்டு, கெடுவுக்குள் எழுதிக் கொடுத்த சந்தேகத்துக்கு ஒருவர் பதில் சொல்லியே ஆக வேண்டும். அதற்காகத்தான் இந்தப் பட்டியல்.

செய்ய வேண்டியவை

1. உங்கள் தொகுதியையும் பாகம் எண்ணையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ஜி.எஸ்.டி. சாலை ஒன்றுதான், தொகுதிகள் வேறு. காட்டாங்குளத்தூர் செங்கல்பட்டு சட்டமன்றத் தொகுதியில் இருக்கிறது, மக்களவைக்குக் காஞ்சிபுரம். தாம்பரமும் பல்லாவரமும் ஸ்ரீபெரும்புதூர் மக்களவைத் தொகுதி. மேடவாக்கம் தென்சென்னைக்குப் போய்விடும். தொகுதியும் பாகம் எண்ணும் வரிசை எண்ணும் இல்லாத புகார் எந்த மேசையிலும் நகராது.

2. வாக்காளர் பட்டியலைத் தேர்தல் அறிவிப்புக்கு முன்பே பாருங்கள். இது வாடகை வீடுகளின் பகுதி. பதினோரு மாத ஒப்பந்தம் முடிந்ததும் பொத்தேரியிலிருந்து ஊரப்பாக்கம், அங்கிருந்து கூடுவாஞ்சேரி என்று மாறிக்கொண்டே இருக்கிறோம். கதவு பூட்டியிருந்தால் 'இடம் பெயர்ந்தவர்' என்று எழுதிவிடுவது எளிது. பெயர் இல்லையென்றால் படிவம் 6, வீடு மாறியிருந்தால் படிவம் 8. வாக்காளர் பதிவு அலுவலரின் முடிவு சரியில்லை என்று தோன்றினால் 15 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். அவர் முடிவும் சரியில்லையென்றால் 30 நாளுக்குள் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் போகலாம். கொடுத்த மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள்.

3. பட்டனை அழுத்தியதும் நகர்ந்துவிடாமல், ஓட்டைச் சீட்டில் அச்சிட்டுக் காட்டும் விவிபேட் கருவியின் கண்ணாடியைப் பாருங்கள். சீட்டு 7 விநாடி தெரியும். நீங்கள் அழுத்திய சின்னம் ஒன்று, சீட்டில் வந்தது வேறு என்றால் அங்கேயே, அப்போதே வாக்குச்சாவடித் தலைமை அலுவலரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். அவர் கட்சிகளின் பூத் ஏஜென்ட்டுகள் முன்னிலையில் சோதனை ஓட்டுப் போடச் சொல்வார். புகார் உண்மையென்றால் அந்த மெஷினில் வாக்குப்பதிவு நிற்கும்; பொய் என்றால் உங்கள் மீது வழக்கு வரும். வீட்டுக்கு வந்து சொன்னால் அது வெறும் கதை.

4. 17சி படிவத்தைக் கேட்டுப் பாருங்கள். இந்தியத் தேர்தலில் மிக முக்கியமான தாள் இது என்பேன். எந்த மெஷின், அதன் எண் என்ன, பதிவேட்டில் எத்தனை பேர் கையெழுத்துப் போட்டார்கள், மெஷினில் பதிவானது எத்தனை ஓட்டு, இரண்டும் ஒத்துப்போகிறதா, எத்தனை காகித சீல்கள் பயன்பட்டன என்பதெல்லாம் அந்த ஒரே தாளில் இருக்கும். வாக்குப்பதிவு முடியும்போது பூத்தில் இருக்கும் ஒவ்வொரு ஏஜென்ட்டுக்கும் அதன் நகலைத் தலைமை அலுவலர் கொடுத்தாக வேண்டும் என்பது 1961-ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதி. வாக்காளருக்கு நேரடியாகத் தரமாட்டார்கள். ஆனால் பூத் ஏஜென்ட் உங்கள் தெருக்காரர்தான். "அண்ணே, 17சி வாங்கினீங்களா? மெஷின் நம்பர் எண்ணிக்கை அன்னிக்கும் அதேதானா?" என்று கேளுங்கள். அந்தத் தாளைக் கையில் வைத்திருக்கும் கட்சியால்தான் உருப்படியாகச் சந்தேகப்பட முடியும்.

5. கெடுவைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். 2024 ஏப்ரல் 26-இல் உச்ச நீதிமன்றம், விவிபேட் சீட்டுகளை நூறு சதவீதம் எண்ண வேண்டும் என்ற கோரிக்கையை ஏற்கவில்லை. ஆனால் இரண்டாம், மூன்றாம் இடம் பெற்ற வேட்பாளர்கள், முடிவு வந்த 7 நாளுக்குள் விண்ணப்பித்துக் கட்டணம் கட்டினால், ஒவ்வொரு சட்டமன்றப் பகுதியிலும் 5 சதவீத மெஷின்களின் நினைவகத்தைச் சரிபார்க்கலாம் என்று வழிவிட்டது. முடிவை எதிர்த்துப் போடும் தேர்தல் மனுவுக்கு 45 நாள். அதை வேட்பாளர்தான் போட வேண்டும் என்பதில்லை. அந்தத் தொகுதியின் எந்த வாக்காளரும் போடலாம். தேனி தொகுதியில் 2019-இல் ஜெயித்தவரின் வெற்றியை எதிர்த்து ஒரு வாக்காளர் போட்ட மனுவில்தான், அந்த வெற்றி செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜூலையில் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் பிறகு அதை நிறுத்திவைத்தது வேறு விஷயம். ஒரு தனி வாக்காளரின் கேள்வி அவ்வளவு தூரம் போனது என்பதை மறக்க வேண்டாம்.

6. பதிவுகளைப் பாதுகாக்கச் சொல்லிக் கேளுங்கள். 2024 ஜனவரியில் சண்டிகர் மேயர் தேர்தலில், அதிகாரி ஒருவர் 8 ஓட்டுச்சீட்டுகளைக் கெடுத்ததைக் கேமராதான் காட்டிக்கொடுத்தது. அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் முடிவை மாற்றியது. அதே ஆண்டு டிசம்பரில், இத்தகைய வீடியோ பதிவுகளைப் பொதுமக்கள் பார்க்க முடியாதபடி விதி திருத்தப்பட்டது. 2025 மே மாதம், வழக்கு இல்லாவிட்டால் 45 நாளுக்குப் பின் அவற்றை அழித்துவிடலாம் என்று தேர்தல் ஆணையம் சொன்னது. இதை ஏற்க முடியாது என்று உங்கள் எம்.பி.க்கு எழுதுங்கள். மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை என்பது ஆணையத்துக்கும் பொருந்தும்.

செய்யக்கூடாதவை

1. நம் கட்சி தோற்றால் மட்டும் மெஷினைத் திட்டாதீர்கள். 2024-இல் தமிழ்நாட்டின் 39 இடங்களையும் ஒரே அணி பிடித்தது. அன்று இங்கே மெஷின் நல்ல மெஷின், உத்தரப் பிரதேசத்தில் கெட்ட மெஷின் என்று பேசினால் நம் கேள்விக்கு மரியாதை இருக்காது. ஜெயித்த தொகுதியிலும் 17சி கேட்பவர்தான் நேர்மையாகச் சந்தேகப்படுகிறவர்.

2. எண்ணிக்கை வித்தியாசத்தை மட்டும் வைத்துத் திருட்டு என்று முடிவு கட்டாதீர்கள். மாதிரி வாக்குப்பதிவில் போட்ட ஓட்டுகளை அழிக்க மறந்த மெஷினைத் தனியே ஒதுக்கிவைப்பார்கள். வெற்றி வித்தியாசம் அந்த மெஷினில் பதிவான ஓட்டுகளைவிடக் குறைவாக இருந்தால்தான் அதைக் கையில் எடுப்பார்கள். அதனால் பதிவானதைவிட எண்ணியது குறையலாம். முதலில் விளக்கம் கேளுங்கள். விளக்கம் வராதபோது, அல்லது எண்ணியது பதிவானதைவிடக் கூடும்போது, விடாதீர்கள்.

3. தேதியும் ஊரும் இல்லாத வீடியோவை ஃபார்வர்டு செய்யாதீர்கள். லாரியில் மெஷின் போகும் படம் ஒவ்வொரு தேர்தலிலும் வரும். அது ஓட்டுப் பதிவான மெஷினா, பயிற்சிக்கோ மாற்றுக்கோ வைத்திருந்ததா என்று தெரியாமல் அனுப்பும் ஒவ்வொரு பொய்யும் நாளைய உண்மைப் புகாரின் வாயை அடைக்கும்.

4. வெளிமாநிலத்தவரைக் கள்ள ஓட்டு என்று முத்திரை குத்தாதீர்கள். மறைமலை நகர் தொழிற்சாலைகளிலும் இங்குள்ள கட்டட வேலைகளிலும் ஒடிசாக்காரரும் பீகார்க்காரரும் உழைக்கிறார்கள். வழக்கமாக வசிக்கும் இடத்தில் பதிவுசெய்துகொள்ள அவர்களுக்குச் சட்டம் உரிமை தருகிறது; ஒரே இடத்தில் மட்டும். விடுதி மாணவருக்கும் அப்படித்தான். இரண்டு இடத்தில் பெயர் இருப்பதாக ஆதாரம் இருந்தால் படிவம் 7 இருக்கிறது. ஆதாரமில்லாமல் பொய்யாக எழுதிக் கொடுத்தால் ஓராண்டு வரை சிறை உண்டு.

5. வீடு தேடி வரும் பி.எல்.ஓ. எனும் வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் கோபத்தைக் காட்டாதீர்கள். அவர் பெரும்பாலும் அங்கன்வாடி ஊழியர் அல்லது பள்ளி ஆசிரியை. மூன்று மாடி ஏறி வருகிறவருக்குத் தண்ணீர் கொடுங்கள், படிவத்தைச் சரியாக நிரப்பிக் கொடுங்கள். கொள்கையை வகுத்தவரிடம் கேட்க வேண்டியதை அவரிடம் கேட்பது அநியாயம்.

6. பணத்தை வாங்கிக்கொண்டு நியாயம் பேசாதீர்கள். 2019-இல் கட்டுக்கட்டாகப் பணம் பிடிபட்டதால் வேலூர் தொகுதியின் தேர்தலே ரத்தாகி, ஆகஸ்டில்தான் நடந்தது. கவரோடு வருகிறவரைப் பார்த்தால் தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் செயலியில் படம் எடுத்து அனுப்புங்கள், உதவி எண் 1950-க்குக் கூப்பிடுங்கள்.

7. "எல்லாம் முன்னாடியே முடிவு பண்ணதுதான்" என்று வீட்டில் உட்காராதீர்கள். 2016-இல் ராதாபுரம் சட்டமன்றத் தொகுதியில் வெற்றி வித்தியாசம் 49 ஓட்டு. 203 தபால் ஓட்டுகளை நிராகரித்தது சரியா என்ற வழக்கில் 2019 அக்டோபரில் மறு எண்ணிக்கை நடந்தது; உச்ச நீதிமன்றத் தடையால் அந்த முடிவு வெளிவராமலே ஐந்தாண்டும் ஓடிவிட்டது. தேர்தல் மனுவை 6 மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அந்த 6 மாதத்தைக் கட்டாயமாக்கச் சொல்லி நாம் கேட்க வேண்டும். ஓட்டுப் போட்டவரும் எழுதிக் கேட்டவரும் ஒருவராகவே இருந்தால், அந்தக் கோரிக்கையை யாரும் தள்ளிவிட முடியாது.