குறைமாதக் குழவியும் உப்பும்

நோயாளியின் நிலை, நோயின் அளவு, காலம் ஆகிய மூன்றையும் கருதியே மருத்துவன் செயல்புரிதல் வேண்டும் என்பது வள்ளுவர் வகுத்த நெறி. அதன் உண்மையைக் குறைமாதக் குழவியரிடத்துத் தெளிவாகக் காண்கிறோம்.

இரத்த நீரில் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை சோடியம் இருத்தல் இயல்பு. 34 வாரம் நிரம்புமுன் பிறந்த குழவியர்க்கு இவ்வளவு குறைதல் அரிதன்று. குறைந்ததெனின் உப்பை ஊட்டலாமே என நாம் எண்ணுவோம். ஆயின், பிறந்த முதற் சில நாட்களில் நேரும் குறைவு பெரும்பாலும் நீர் மிகுதியால் வருவது. உப்புக் குன்றவில்லை, நீர் பெருகிற்று. அப்பொழுது நீரைக் குறைத்தலே முறை. முதல் வாரம் கழிந்தபின் நேருவதோ பெரும்பாலும் மெய்யான இழப்பு. முதிராத சிறுநீரகம் உப்பைத் தடுத்து வைக்கும் வன்மையின்றிச் சிறுநீரோடு போக்கிவிடுகிறது. தாய்ப்பாலிலுள்ள சிறிதளவு உப்பு அதனை ஈடுசெய்யப் போதாது. அப்பொழுது உப்பை அளந்து சேர்த்தல் வேண்டும். சேர்க்காதொழியின் வளர்ச்சி குன்றும்; மிகக் குறையின் வலிப்பும் தோன்றும். மிக விரைந்து ஏற்றினும் மூளைக்குக் கேடாம்.

அளவு ஒன்றே, காரணம் இரண்டு, மருந்தோ ஒன்றற்கொன்று மாறுபட்டது. ஆதலின், எவ்வளவு குறைந்தது என்பதனோடு, பிறந்து எத்தனையாம் நாள், எடை ஏறிற்றா இறங்கிற்றா என்றும் வினாவுதல் வேண்டும். அவ்வினாவிலே ஒரு சிற்றுயிர் தங்கியிருக்கிறது.